நாய்க்குட்டியை வாய்க்காலில் அமுக்கிய பையன் நாளைக்கு சீரியல் கில்லர் ஆவானா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மகனுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. வீட்டில் மாமியார், கொழுந்தனார் குடும்பம் என்று எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். போன மாதம் தெருநாய் போட்ட குட்டிகளில் ஒன்றைப் பையன் வாய்க்கால் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் கொன்றுவிட்டான். ஓரகத்தி ஒரு யூடியூப் வீடியோவைக் காட்டி, "சீரியல் கில்லர் எல்லாம் சின்ன வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கான். படுக்கையில மூத்திரம் போறது, நெருப்பு வைக்கிறது, மிருகத்தைக் கொல்றது, இந்த மூணும்தான் அடையாளமாம்" என்று சொல்லியிருக்கிறார். பையன் நாலு வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்தியவன், இந்த ஆடியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறான். மூன்றில் இரண்டு இருக்கிறதே, என் பிள்ளையும் அப்படி ஆகிவிடுவானா, அந்தக் கொலைகாரர்கள் எப்படித்தான் உருவாகிறார்கள் என்று கேட்கிறார். "ராத்திரி அவன் தூங்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்று கடைசியில் ஒரு வரி.

தங்கச்சி, முதலில் அந்த வீடியோவின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். நான் கும்பகோணத்தில் இருப்பவள். மனநல சமூகப் பணியாளராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதி பிள்ளைகளோடு, பாதி ஜெயிலுக்குப் போய் வந்தவர்களோடு. ஒரு பிள்ளை பிற்காலத்தில் என்ன ஆகும் என்று யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்க முடியாது. ஆனால் அந்த மூன்று அடையாளக் கணக்கு தப்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும்.

1963-ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்து மனநல மருத்துவர் ஜே.எம். மெக்டொனால்ட் ஒரு கட்டுரை எழுதினார். "உன்னைக் கொன்றுவிடுவேன்" என்று யாரையாவது மிரட்டி, அதனால் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 100 பேரைப் பார்த்து எழுதியது. மிரட்டினவர்கள்தான், வரிசையாகக் கொலை செய்தவர்கள் இல்லை. அவர்களில் கொடூரம் அதிகமாக இருந்த சிலரிடம் இந்த மூன்றையும் சின்ன வயதில் சேர்ந்து பார்த்ததாக அவருக்குத் தோன்றியது. பிற்பாடு அவரே மறுபடி பரிசோதித்தபோது அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. ஆனால் சொல் அதற்குள் வெளியே போய்விட்டது. பிறகு எஃப்.பி.ஐ.யில் ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ், அவர்களோடு ஆன் பர்கெஸ் என்ற பேராசிரியர் சேர்ந்து, தண்டனை பெற்ற 36 பாலியல் கொலைகாரர்களைச் சிறையில் சந்தித்துப் பேசினார்கள். அந்தப் பேட்டிகள்தான் இன்றைக்கு வெப் சீரிஸ்களுக்கும் வீடியோக்களுக்கும் மூலச் சரக்கு. சிதைந்த வீடு, அடி, அவமானம், தனிமை, அந்தத் தனிமையில் வளர்ந்த கொடூரக் கற்பனை என்று அந்த 36 பேரின் பால்யத்தில் நிறைய கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே மாதிரி வீட்டில், அதே அடி வாங்கி வளர்ந்து, இன்றைக்கு பஸ் ஓட்டிக்கொண்டும் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டும் இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களை யாரும் பக்கத்தில் உட்காரவைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்று, கொலைகாரன் தன் கதையைத் தானே சொல்வதை எவ்வளவு நம்புவது? டெக்சாஸில் ஹென்றி லீ லூகாஸ் என்று ஒருவர் நூற்றுக்கணக்கான கொலைகளைச் செய்ததாக வாக்குமூலம் கொடுத்துக்கொண்டே இருந்தார். போலீஸும் ஒவ்வொன்றாக அவர் கணக்கில் எழுதி வழக்குகளை மூடிக்கொண்டே வந்தது. கடைசியில் பெரும்பாலானவை பொய் என்று தெரிந்தது. அவருக்கு மரண தண்டனை வாங்கிக்கொடுத்த கொலையையே அவர் செய்திருக்க முடியாது என்ற நிலையில் 1998-ல் அந்தத் தண்டனை ஆயுளாக மாற்றப்பட்டது. கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். "உன் அம்மா கொடுமைக்காரியா?" என்று கேட்டால் கொடுமைக்கார அம்மா வந்துவிடுவாள்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். களத்தில் தூற்றும்போது கையில் வந்த பதரைக் காட்டி இது எந்த நாற்றங்காலில் வளர்ந்தது என்று கேட்டால் அடையாளம் சொல்லிவிடலாம். நாற்றங்காலுக்குப் போய் இதில் எந்த நாற்று பதராகும் என்று கேட்டால் அறுபது போகம் கண்ட விவசாயிக்கும் சொல்லத் தெரியாது. இதைப் பிள்ளைகளை வைத்தே செய்து பார்த்தவர் லீ ராபின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு குழந்தை வழிகாட்டு மையத்துக்குச் சின்ன வயதில் கொண்டுவரப்பட்ட 524 பேரை முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து, 1966-ல் முடிவை வெளியிட்டார். சமூக விரோதிகளாக வளர்ந்த பெரியவர்களைப் பின்னோக்கிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோருமே பிள்ளைப் பருவத்தில் தொல்லை கொடுத்தவர்கள். ஆனால் தொல்லை கொடுத்த பிள்ளைகளை முன்னோக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படி ஆகவில்லை. இதே மாதிரி கேத்தி விடம் என்ற ஆய்வாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு. சின்ன வயதில் அடி, பாலியல் கொடுமை, கவனிப்பாரில்லாத நிலை என்று கோர்ட்டில் நிரூபணமான 908 பிள்ளைகளை எடுத்து, அதே வயது, அதே தெருவைச் சேர்ந்த மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். பிற்காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் கொடுமை அனுபவித்தவர்களில் நூற்றுக்கு 11 பேர், மற்றவர்களில் 8 பேர். வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த மீதி 89 பேரை எந்த வீடியோவும் காட்டுவதில்லை. இதுவும் சாதாரண வன்முறைக் குற்றத்துக்கான கணக்குதான். தனித்தனி நேரத்தில் இரண்டோ அதற்கு மேலோ கொலை செய்தவன் என்பதுதான் எஃப்.பி.ஐ. 2005 கருத்தரங்குக்குப் பிறகு வைத்திருக்கும் சீரியல் கில்லர் இலக்கணம். அது எவ்வளவோ அபூர்வமான விஷயம். அபூர்வமான நோயைச் சாதாரண இருமலை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

படுக்கையை நனைப்பது அந்த இருமல் மாதிரிதான். ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் போல நனைக்கிறார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். கொலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். டிராயரைக் கொஞ்சம் தூக்கினால் தொடையின் உள்பக்கத்தில் கரண்டிக் காம்பு அளவுக்கு மூன்று கோடு, ஒன்று பழையது, இரண்டு புதுசு, ஓரத்தில் இன்னும் நீர் கோத்திருந்தது. படுக்கையில் மூத்திரம் போனதற்குச் சூடு. போட்டது பாட்டி. பாட்டி கெட்டவர் இல்லை. அவருக்கு அவருடைய பாட்டி சொன்ன வைத்தியம் அது. அந்தப் பையன் பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்றின் காலை ஒடித்துவிட்டதாகத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். கோழிக்குஞ்சைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். தொடையைப் பற்றி நான் கேட்கிற வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது நாய்க்குட்டிக்கு வருகிறேன். இதைச் சாதாரணம் என்று ஒதுக்கமாட்டேன். அதே சமயம் நம் பக்கத்துப் பிள்ளைகள் வளர்கிற விதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உயிரோடு தவளையைத் தூண்டில் முள்ளில் குத்தி விரால் பிடிக்கிற ஊர் இது. தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாத பையன் யார்? வயலில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பதை உலகமே தஞ்சாவூர்ப் பேரைச் சொல்லித்தான் படிக்கிறது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எண்ணிக்கொடுத்துக் காசு வாங்கின பையன்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள், இன்றைக்கு நல்ல தாத்தாக்களாக இருக்கிறார்கள். இங்கே உயிரைக் கொல்வது என்பது வேலை, சாப்பாடு, விளையாட்டு மூன்றிலும் கலந்து கிடக்கிறது. அதனால் கொன்றானா என்பதை விட எப்படிக் கொன்றான் என்றுதான் நான் பார்ப்பேன். கூட்டத்தோடு சேர்ந்து வீறாப்புக்குச் செய்தானா, ஒதுங்கித் தனியாகச் செய்தானா? துடிப்பதைப் பார்க்க முடியாமல் சீக்கிரம் முடித்தானா, துடிக்கத் துடிக்க விட்டு விட்டுப் பார்த்தானா? மறைத்தானா? முடிந்த பிறகு சோறு இறங்காமல் இருந்தானா, ஒன்றும் நடக்காதது போல் டிவி பார்த்தானா? முன்னாடியும் செய்திருக்கிறானா? தன்னை விடச் சின்னப் பிள்ளைகளைக் கிள்ளுவது, கழுத்தைப் பிடிப்பது உண்டா? தனியாக, திரும்பத் திரும்ப, வலியை ரசித்து, கூச்சமே இல்லாமல் ஒரு பிள்ளை செய்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். பார்த்தால் சரிசெய்யக்கூடிய விஷயமும் அதுதான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அடி வேலை செய்யாது, தண்டனை அவர்களுக்கு உறைப்பதே குறைவு. பெற்றவர்களின் நெருக்கமும், நல்லது செய்தபோது உடனுக்குடன் கிடைக்கிற பாராட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது என்பதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

உறைப்பது என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது அந்தக் கொலைகாரர்களின் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு, இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் பேச்சில் "சைக்கோ" என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டு நேர் எதிரான விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒன்று மனச்சிதைவு போன்ற நோய். காதில் குரல் கேட்கும், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகத் தோன்றும். திருச்சியைத் தாண்டிக் காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். ஒரு மண்டலம் தங்கவைத்து, உச்சிக்கால பூஜையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்களே, அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இந்த நோயால் கஷ்டப்படுகிறவர்கள். அவர்களைப் பார்த்து நாம் பயப்படுவதைவிட அவர்கள் நம்மைப் பார்த்துப் பயப்படுவதுதான் அதிகம். அடி வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். இந்த நோயோடு வரிசைக் கொலை செய்தவர்கள் இல்லாமல் இல்லை. 1960-களின் பிற்பாதியில் பம்பாயின் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் தூங்கினவர்களை ராத்திரியில் தலையில் அடித்துக் கொன்ற ராமன் ராகவ் அப்படிப்பட்டவர். 1968 ஆகஸ்டில் பிடிபட்டார். முற்றிய மனச்சிதைவு என்று மருத்துவர் குழு சொன்னதால் தூக்கு ஆயுளாக மாறியது. 1995-ல் புனேயில் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆனால் அவர் விதிவிலக்கு.

பெரும்பாலான சீரியல் கில்லர்களுக்கு அப்படிக் குரல் எதுவும் கேட்பதில்லை. தான் செய்வது என்ன, அதற்குத் தண்டனை என்ன, எதிரில் இருப்பவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியும், உறைக்காது. மிளகாய் சிவப்பாக இருக்கிறது என்று கண் சொல்கிறது, நாக்கில் காரம் ஏறவில்லை. இதைத்தான் சைக்கோபதி என்கிறார்கள். கனடாவில் ராபர்ட் ஹேர் இதை அளக்க இருபது அம்சம் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். மொத்தம் 40 மதிப்பெண், 30-ஓ அதற்கு மேலோ வாங்கினால் சைக்கோபதி. பயிற்சி பெற்றவர்கள், பதிவேடுகளைப் பார்த்து, நேரில் பேசிப் போட வேண்டிய மதிப்பெண் அது. ஓரகத்தியோ நானோ செல்போனில் பார்த்துப் போடக்கூடாது. அதில் அதிகம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஃபாலன் என்ற மூளை ஆராய்ச்சியாளர், கொலைகாரர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்தவர், வேறொரு ஆய்வுக்காகத் தன் குடும்பத்தாரை ஸ்கேன் எடுத்தபோது அதில் ஒரு படம் அச்சு அசலாக அந்த மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால் அது அவருடையதே. மூளையில் ஒரு குறை, வீட்டில் கொடுமை, தனிமையில் ஊறிய கற்பனை, இவை எல்லாம் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் கூடிவருவது எப்போதாவதுதான். கூடிவந்தாலும் எல்லோரும் அந்தப் பாதையில் போவதில்லை.

எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் திருவிடைமருதூர்தான் ஞாபகம் வரும். தெரியாமல் குதிரைக் காலில் ஓர் அந்தணன் மிதிபட்டுச் செத்தான், அந்தக் கொலைப் பழி பிரம்மஹத்தியாக வரகுண பாண்டியனை விடாமல் பின்தொடர்ந்தது, மகாலிங்க சுவாமி கோவிலுக்குள் அவன் நுழைந்தபோது அது கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டது, அவன் மேற்கு வாசல் வழியாக வெளியே போனான் என்பது தலபுராணம். இன்றைக்கும் வந்த வழியே திரும்பக் கூடாது என்பார்கள். அறியாமல் செய்த கொலைக்கே ஒரு ராஜா ஊர் ஊராக அலைந்தான். சாதாரண மனுஷனுக்குள் அந்த உருவம் கூடவே வருகிறது. இவர்களுக்குப் பின்னால் அது வருவதே இல்லை. அதனால்தான் அடுத்த நாள் வேலைக்குப் போக முடிகிறது. அமெரிக்காவில் பல பெண்களைக் கொன்ற டெட் பண்டி, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் உட்கார்ந்து தவித்தவர்களுக்கு ஆறுதல் சொன்னவர். ஹரால்ட் ஷிப்மன் இங்கிலாந்தில் ஊரே மதித்த குடும்ப டாக்டர். 15 கொலைக்குத் தண்டனை ஆனது, பிறகு நடந்த விசாரணை 215 பேரைக் கொன்றதாகக் கண்டது. இவர்கள் யாரும் வாசலில் நெருப்பு வைத்துக்கொண்டிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் சீரியல் கில்லர் என்றதும் ஆட்டோ சங்கர் பேரைச் சொல்வார்கள். 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆறு கொலை, கூட்டாளிகள், சட்டவிரோதத் தொழில். என் பார்வையில் அது கும்பல் குற்றத்தின் கதை. உங்கள் கேள்விக்கு அதைவிட நெருக்கமான இரண்டு பேர் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார்கள்.

பெங்களூரில் கெம்பம்மா. பத்திரிகைகள் சயனைடு மல்லிகா என்றன. 1999-ல் ஆரம்பித்து 2007 கடைசியில் பிடிபட்டார். கோவில்களில் உட்கார்ந்து, பிள்ளையில்லை, உடம்பு சரியில்லை, புருஷன் சரியில்லை என்று கண்கலங்கி நிற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பார். பரிகார பூஜை செய்யலாம், இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வா என்பார். தீர்த்தத்தில் சயனைடு. நோக்கம் நகைதான். கும்பகோணத்தில் வாழ்கிறவளாக எனக்கு இதைப் படித்தபோது கை நடுங்கியது. நம் பரிகாரத் தலங்களில் அப்படிக் கண்கலங்கி நிற்கும் பெண்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன், வெளியூரிலிருந்து தனியாக வந்தவர்கள், வீட்டில் சொல்லாமல் வந்தவர்கள்.

அடுத்தது மங்களூர்ப் பக்கத்து மோகன் குமார், சயனைடு மோகன். ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2003-லிருந்து 2009 வரை இருபது பெண்கள். எல்லோரும் ஏழைகள், வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் கல்யாணம் தள்ளிப்போனவர்கள். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லிப் பழகி, வேறு ஊருக்குக் கூட்டிப்போய் லாட்ஜில் தங்குவார். மறுநாள் காலை நகையை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து, கர்ப்பத்தடை மாத்திரை, குமட்டும், கழிப்பறைக்குப் போய்ப் போட்டுக்கொள் என்று கொடுப்பார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தப் பெண் மாத்திரையை விழுங்குவாள். அவர் லாட்ஜுக்குத் திரும்பி நகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

ஒரு மாநிலத்தில், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைகளில், உள்ளே தாழிட்ட நிலையில், நல்ல புடவை கட்டிய பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக் கிடந்தார்கள். ஒவ்வொரு ஊர் போலீஸும் தனித்தனியாக இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிவு செய்தது. தற்கொலை, வலிப்பு என்று ஃபைல் மூடியது. அடையாளம் தெரியாத சடலம் என்று புதைத்தார்கள். வீட்டிலோ, பெண் யாரோடோ ஓடிவிட்டாள், வெளியே சொன்னால் மானம் போகும் என்று பலர் புகாரே கொடுக்கவில்லை. 2009-ல் காணாமல் போன ஒரு பெண்ணுக்காக ஊர்க்காரர்கள் திரண்டு போராடின பிறகுதான் செல்போன் அழைப்புகளைத் தேடிப் போனார்கள், மற்ற எல்லாம் வெளியே வந்தது. ஆறு வருஷமாக அவரைக் காப்பாற்றியது தந்திரமோ புத்திசாலித்தனமோ என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்களைக் கேட்க ஆள் இல்லாததுதான். அமெரிக்காவில் கேரி ரிட்ஜ்வே இதை வாய்விட்டே சொன்னார். 2003-ல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டபோது, பாலியல் தொழில் செய்கிற பெண்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர்கள் காணாமல் போனால் யாரும் சீக்கிரம் தேடமாட்டார்கள் என்பதுதான் என்றார்.

டெல்லியை ஒட்டிய நொய்டாவில், நிதாரி என்ற இடத்தில் பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தபோது அவர்களுடைய ஏழைப் பெற்றோர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்கள், புகார் எடுபடவில்லை. 2006 டிசம்பரில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் எலும்புகள் வந்த பிறகு நாடே அந்த வீட்டு வேலைக்காரரின் மனசை, பால்யத்தை, பசியை ஆராய்ந்தது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் சாட்சியம் நிற்கவில்லை என்று பன்னிரண்டு வழக்குகளில் அவரை விடுவித்தது, மீதியிருந்த ஒரு வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இத்தனை வருஷம் ஒருவரின் பின்னணியை ஆராய்ந்துவிட்டு, பிள்ளைகளைக் கொன்றது யார் என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது.

நம் ஊரிலும் பார்க்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் பாய ஆரம்பித்தால், மதகில் ஒதுங்கும் உடல்கள் பற்றி பேப்பரில் நாலு வரி வரும். ஆண் சடலம், வயது சுமார் 45, நீலக் கட்டம் போட்ட கைலி, யார் எந்த ஊர் தெரியவில்லை. வி.ஏ.ஓ. புகார் எழுதிக்கொடுப்பார். இப்படிப்பட்ட சாவை விசாரிக்கிற சட்டப் பிரிவை முன்பு 174 என்போம், 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 194. கேட்பாரற்ற சடலம் என்று எழுதி நகராட்சி அடக்கம் செய்யும். அவர்களில் அநேகம் பேர் கால் தவறி விழுந்தவர்களும் தாங்களே குதித்தவர்களும்தான், நான் எதையும் கொலை என்று சொல்லவில்லை. அந்தக் "கேட்பாரற்ற" என்ற சொல் மட்டும் எனக்குள் குத்திக்கொண்டே இருக்கிறது. சீரியல் கில்லரின் பின்னணி என்று நாம் அவன் தொட்டிலைத் தோண்டுகிறோம். அவன் பின்னணியில் பாதி, கேட்காமல் விட்ட நாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாய்க்குட்டியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. வீடியோவைப் பற்றி ஒரு பக்கம். ஆடியிலிருந்து மறுபடி படுக்கை நனைக்கிறான் என்பது ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி ஆரம்பித்தால், முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், சர்க்கரை. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு ரத்தப் பரிசோதனை, மன்னார்குடி அரசு ஆஸ்பத்திரியிலேயே ஆகும். அதில் ஒன்றுமில்லை என்றால் அடுத்த கேள்வி, ஆடியில் என்ன நடந்தது? அப்பா லீவு முடிந்து திரும்பிப் போனாரா? படுக்கிற இடம் மாறியதா, யார் பக்கத்தில் படுக்கிறான்? புது டியூஷன், புது வேன், புது வாத்தியார்? அடிக்கிறவர் யாராவது? யாராவது வீட்டுக்கு வந்தால் அறைக்குள் ஒதுங்குகிறானா? கூட்டுக் குடும்பத்தில் இதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தன்னால் தடுக்க முடியாத ஒன்றைத் தன் மேல் யாரோ செய்யும்போது, தன்னை விடச் சின்ன உயிர் மேல் அதைச் செய்து பார்க்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று சொல்லவில்லை. கேட்காமல் தெரியாது என்று சொல்கிறேன்.

மாமியார், ஓரகத்தி முன்னால் கேட்காதீர்கள். "நீ ஏன்டா அந்தக் குட்டியைக் கொன்னே?" என்றும் ஆரம்பிக்காதீர்கள், அதை இதற்குள் ஆளாளுக்குக் கேட்டிருப்பார்கள். அவனைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அந்த வாய்க்கால் கரைக்கே கூட்டிப்போங்கள், முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். "அன்னைக்கு அந்தக் குட்டி தண்ணிக்குள்ள இருந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பிறகு, "உன்னை யாராச்சும் அப்படி அமுக்கிப் பிடிச்சிருக்காங்களா?" என்று கேளுங்கள். எது சொன்னாலும் அடிக்கமாட்டேன், அப்பாவிடம் சொல்லிக் கொடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னால் காப்பாற்றுங்கள். அவன் யாரையாவது கைகாட்டினால், அது யாராக இருந்தாலும், அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவன் உங்கள் பக்கத்தில் படுக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். அவன் ஒன்றும் சொல்லாவிட்டாலும், வலியை ரசிக்கிற மாதிரி உங்களுக்குத் தோன்றினாலும், அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். திருவாரூர், தஞ்சாவூர் இரண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அவன் காதுபட "சைக்கோ டாக்டர்" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவைப் பற்றி அவனுக்குத் தெரியுமா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் பேசினது அவன் காதில் விழுந்திருந்தால், தான் கொலைகாரனாகப் போகிறோம் என்று அவனும் ராத்திரி விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பான்.

பதில் உடனே வராது. வாய்க்காலில் கல்லெறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வாரம் ஆகலாம், பத்து நாள் ஆகலாம். தினமும் சாயந்திரம் அங்கேயே கூட்டிப்போய் உட்காருங்கள்.